பூசையில் வாசித்த பெயர்

நாற்பத்தோராவது நொடியில் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

நாக்யோங் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் மெல்லிய சத்தம், பிறகு தொண்டை ஏறி இறங்கும் சத்தம். பட்டப்பகல் மூன்று மணிதான், ஆனால் திரைப்பட மன்றத்தின் அறை நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நனைந்த குடைகளின் நாற்றமும், யாரோ பாதி குடித்து வைத்துவிட்டுப் போன காப்பியின் புளித்த வாடையும், மேலே உடற்பயிற்சிக் கூடத்தில் பந்து விழுந்துகொண்டே இருக்கும் அதிர்வும் சேர்ந்து அந்த அறைக்குப் பகலா இரவா என்றே தெரியாமல் செய்துவிடும்.

மன்றத்தில் அதற்கு 'வெறும் நிமிடம்' என்று பெயர். ஓர் இடத்தில் படம் எடுத்து முடித்ததும் ஒலிப்பதிவு செய்பவள் கையை உயர்த்துவாள். எல்லோரும் நின்றது நின்றபடி நிற்க வேண்டும், இருமக் கூடாது, கால் மாற்றக் கூடாது. அறுபது நொடி அந்த இடம் சும்மா இருக்கும் ஓசையைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு வசனங்களுக்கு நடுவில் விழும் ஓட்டைகளை அதை வைத்து அடைக்கலாம். நிமிடம் முடிந்ததும் அவளே "போதும், எடுத்தாச்சு" என்பாள். அப்போதுதான் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள்.

இந்த நிமிடத்தை எடுத்தது கல்லூரிக்குக் கீழே, மலைச்சரிவில் மூடிக் கிடக்கும் பொதுக் குளியல்கூடத்தில். குழுவில் அவளையும் சேர்த்து எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் அவளுக்குப் பின்னால், உடைமாற்றும் அறையின் வாசலில் நின்றிருந்தார்கள். அவள் நீளக் கம்பில் கட்டிய மைக்கை, தண்ணீர் வற்றிப்போன பெரிய தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றாள். விழுங்கிய சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. மைக்குக்கு முன்னால், நாலு விரற்கடை தூரத்தில் இருந்து வந்தது. அங்கே காலித் தொட்டிதான் இருந்தது.

பயம் வரவில்லை அவளுக்கு. கோபம்தான் வந்தது. இது கியூரியின் வேலை என்று மனம் உடனே முடிவுகட்டியது. தயாரிப்பு வேலைகளைப் பார்க்கும் கியூரிக்கு, ஒலிக்குத் தன் அறைத்தோழியைப் போட வேண்டும் என்று ஆசை இருந்தது ஊருக்கே தெரியும். கோப்பில் ஒரு சத்தத்தை ஒட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

இயக்குநர் இன்ஹோ வந்து, நின்றபடியே ஹெட்போனை மாட்டி அந்தப் பதிவைக் கேட்டான். நாலாம் வருடம். மன்றத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"போன படத்துல கடற்கரை சீன் பூராவும் காத்துச் சத்தம். இந்தப் படத்துல எச்சில் முழுங்குற சத்தம். அடுத்ததுல என்ன நாக்யோங், ஏப்பமா?"

"அண்ணா, சத்தியமா இது அன்னிக்கு இல்ல. நான் ஹெட்போன் போட்டுத்தான் எடுத்தேன். கேட்டிருந்தா நானே மறுபடி எடுத்திருப்பேன்ல?"

"இப்பக் கேக்குதுல்ல? நாளைக்கு ஆறு மணிக்குப் படம் போடணும். வேலையைக் கெடுத்தவங்க பேரைப் படத்தோட கடைசியில போடுறதில்லைன்னு நம்ம மன்றத்துல ஒரு வழக்கம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமலா? அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஒரு வருடம் மருந்தியல் படித்துவிட்டு, அதை உதறிவிட்டு சினிமா படிக்க வந்தவள். சொந்த ஊர் அந்தோங்கில் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. சொல்லால் புத்தாண்டுப் பண்டிகைக்குப் போனபோதுதான், சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார்: "திரையில ஒன் பேரை ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டா நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்து மருந்துப் படிப்பை முடி." நாளைக்குக் கடையை மூடிவிட்டு அவர் பஸ் ஏறுகிறார். வருடத்தில் புத்தாண்டு அன்று மட்டும் கடையை மூடுகிற மனுஷன்.

கியூரி எந்தக் கோப்பில் கைவைத்தாள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று, அவள் எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து ஓட்டினாள். முதல் கோப்பு, படப்பிடிப்பின் முதல் நாள் குளியல்கூட வாசலில் போட்ட பூசை.

எந்தப் படம் ஆரம்பித்தாலும் பூசை போடாமல் கேமராவைத் தொட மாட்டார்கள். படையலில் வைக்க உண்மையான பன்றித் தலைக்கு வழியில்லாததால் லேப்டாப் திரையில் பன்றித் தலைப் படத்தை வைத்தார்கள், சிரித்த முகமாகப் பார்த்து இன்ஹோவே தேர்ந்தெடுத்தான். வெள்ளை நூல் சுற்றிய காய்ந்த மீன், பேரிக்காய், ஒரு கிண்ணம் அரிசிக் கள். கியூரி செல்போனைப் பார்த்து வேண்டுதலை வாசித்தாள். இந்தப் படத்தில் வேலை செய்கிறவர்கள் இவர்கள், இவர்களைக் காப்பாற்று என்று ஒவ்வொரு பெயராக. பெயர் வந்தவர்கள் "இருக்கேன்" என்று சொல்லிக் குனிந்து கும்பிட வேண்டும். நாக்யோங் அன்று மரியாதைக்காக ஹெட்போனைக் கழுத்தில் இறக்கியிருந்தாள். இரண்டு கையிலும் மைக் கம்பு. கும்பிடவும் முடியவில்லை, தன் பெயர் வந்ததா என்று கவனிக்கவும் இல்லை.

இப்போது கவனித்தாள்.

"இயக்கம், இன்ஹோ." "இருக்கேன்." "ஒளிப்பதிவு, ரான்ஹி." "இருக்கேன்." மூன்று, நான்கு, ஐந்து பெயர். பிறகு கியூரியின் குரல், தடுமாறாமல், அதே ராகத்தில்: "ஒலி, மிரியோங்."

காற்று. தூரத்தில் ஒரு ஸ்கூட்டர்.

"இருக்கேன்."

அது மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

நாக்யோங் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். எதிரே கியூரி நாளைய அழைப்பிதழ்களை மடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் ரான்ஹி கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கியூரி அக்கா, மிரியோங்னா யாரு?"

"எந்த மிரியோங்?"

"பூசையில வாசிச்சீங்களே. என் பேருக்குப் பதிலா."

கியூரி செல்போனை எடுத்துத் தேடினாள், நெற்றி சுருங்கியது. "ஐயையோ, ஆமாடி. இது வருஷா வருஷம் கைமாறி வர்ற ஃபைல். பேரை மட்டும் மாத்திப்போம். ஒலி மட்டும் பழைய பேராவே விட்டுட்டேன் போல."

"மத்த ஏழு பேரு பேரும் மாறியிருக்கு. என்னுது மட்டும் எப்படி அக்கா விட்டுப்போகும்?"

"ஏய், என்ன பேசுற நீ? உன்னை வெரட்டணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறேன். பேரை ஒளிச்சு வெச்சு வெளையாடுறதுக்கு எனக்கென்ன வேற வேலை இல்லையா?"

"அப்ப 'இருக்கேன்'னு பதில் சொன்னது யாரு?"

கியூரி ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. "நீதானே."

"என் குரலா இது?"

"பின்ன? ரான்ஹி, இங்க வந்து கேளு."

ரான்ஹி கேட்டாள். ரான்ஹிக்கும் அவளுக்கும் ஒரு தகராறும் கிடையாது. பசித்தால் தன் ராமியோன் நூடுல்ஸில் பாதியைக் கொடுக்கிறவள். "ஒன் குரல்தான்டி. கொஞ்சம் சளி கட்டுன மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது போல நாக்யோங்குக்குப் பட்டது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

பூசையை மறுபடி போடலாம், இரண்டே நிமிடம், என் பெயரை வாசித்துவிட்டால் போதும் என்று அவள் இன்ஹோவிடம் கெஞ்சினாள். இன்ஹோ விழுந்து விழுந்து சிரித்தான். "படம் நாளைக்குத் திரையில, இப்பப் போயி பன்னிக்குக் கும்பிடா? பொழைப்பைப் பாரு. நாளைக்கு மூணு மணிக்குள்ள அந்தக் குளியல்கூடத்துல வேற நிமிஷம் எடுத்துட்டு வா. சுத்தமா இருந்தா ஒன் பேரு இருக்கும், போதுமா?"

மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம், மன்ற அறைக்கு வந்தபோது மேசைமேல் கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலங்களின் வெறும் வெள்ளித்தாள்கள் கிடந்தன. யாருக்கும் கூடுதல் குறைச்சல் வரக் கூடாது என்று கியூரி எப்போதும் பொட்டலத்தில் மையால் பெயர் எழுதிவிடுவாள். எட்டுத் தாள். எட்டும் காலி. எள்ளெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. தன் பெயரைத் தேடினாள். இல்லை. எட்டாவது தாளில் 'மிரியோங்' என்று எழுதியிருந்தது, கியூரியின் கோணல் எழுத்தில்.

அடிப்பாவி! இவ்வளவு தூரம் போவாளா ஒருத்தி? சாட்சியாக இருக்கட்டும் என்று அந்தத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எல்லோரும் அரங்கத்தில் நாற்காலி போடப் போயிருந்தார்கள். சண்டையை அப்பா போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடல் மூட்டம் ஏறிக் கீழே துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைப் பாதி விழுங்கியிருந்தது. படிகள் வழுக்கின. குளியல்கூடத்துச் சாவி பக்கத்து அரிசிப் பணியாரக் கடையில் இருக்கும். கடைக்கார அம்மா ஆவி பறக்கும் தட்டைத் துணியால் மூடிக்கொண்டே சொன்னார்.

"சாவியா? இப்பத்தானே ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சு. ஒங்க கூட்டந்தான். ஒன் கழுத்துல கெடக்குதே, காதுல இதே மாதிரி ஒண்ணு மாட்டியிருந்துச்சு."

"எப்படி இருந்தாங்கம்மா? உயரமா, கண்ணாடி போட்டு?"

"மூஞ்சியை எங்க பாத்தேன்? தலையெல்லாம் ஈரம். இந்தக் குளிர்ல தலை நனைச்சுக்கிட்டுத் திரியுறீங்களே, காய்ச்சல் வராதா ஒங்களுக்கெல்லாம்?"

ஆக, கியூரி தன் அறைத்தோழியையே அனுப்பியிருக்கிறாள். நிமிடத்தைக் கெடுக்க. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற வேகத்தில் நாக்யோங் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவை மெல்லத் தள்ளினாள். பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே உடைமாற்றும் அறை. கதவு திறந்து கிடந்த மரப் பெட்டிகள், ஓடாத மின்விசிறி, முதியவர்களின் தலைத்தைலமும் பூஞ்சையும் ஊறிப்போன பாய். அதைத் தாண்டி ஈரக் கண்ணாடிக் கதவு. தோளில் ரிக்கார்டர் பெட்டி உரச, சுவரோரமாகவே நகர்ந்து, கதவு விளிம்பில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். யாரும் இல்லை. வெள்ளை டைல்ஸ், வரிசையாகக் குழாய்கள், கூரைக் கண்ணாடி வழியாக வந்து விழும் சாம்பல் வெளிச்சம். நீராவிக் குளியல் அறையைத் திறந்தாள். பெண்கள் பக்கத்தையும் போய்ப் பார்த்தாள். ஒருத்தியும் இல்லை.

காலித் தொட்டிக்குள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. படம் எடுத்த அன்று அது அங்கே இல்லை. அவள் மைக்கைப் பிடித்து நிற்கும் இடத்தைப் பார்த்தபடி போட்டிருந்தது.

திரும்பிப் போயிருப்பாள் நாக்யோங். அவளே பிறகு நினைத்துக்கொண்டாள், அப்போதே திரும்பியிருக்கலாம் என்று. ஆனால் அப்பா அந்நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் நீலக் கோட்டைப் போட்டிருப்பார். ஒரு நிமிடம்தானே. அறுபது நொடி. அவள் செருப்பையும் பையையும் தரையில் போட்டாள், முக்காலியை எடுத்து வெளியே வைத்தாள், மைக் கம்பை நீட்டினாள், ஹெட்போனை மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள்.

பழக்கதோஷத்தில் கையையும் உயர்த்தினாள்.

பத்து நொடி. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது, மூட்டம் கூரையில் உராய்வது, தன் இதயம்.

இருபது. கம்பு லேசாகக் கனத்தது. கை வலிக்கிறது என்று நினைத்தாள்.

முப்பது. கை வலி இல்லை. முனையில்தான் கனம். யாரோ மைக்கை ஒரு விரலால் தொட்டுத் தங்கள் பக்கம் சாய்ப்பது போல.

கண்ணை எடுக்கவில்லை. தொட்டி காலி. காலிதான்.

நாற்பது. மூச்சு. இழுக்கும் மூச்சு. விடும் மூச்சு வரவில்லை.

ஐம்பது. வரவே இல்லை.

அவள் வாயைத் திறந்தாள், முடித்துவிடலாம் என்று.

"போதும், எடுத்தாச்சு."

அவள் சொல்லவில்லை. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. ஹெட்போனுக்குள் அவளுடைய குரல், அவளுடைய அதே சலிப்போடு, தொட்டியிலிருந்து.

கம்பு டைல்ஸில் விழுந்தது. ஓடினாள். செருப்பு இல்லை, பை இல்லை, தோளில் ரிக்கார்டர் மட்டும் தொங்கிக்கொண்டு இடுப்பில் இடித்தது. வாசலுக்கு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பணியாரக் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. இரண்டரை மணிக்கு உள்ளே போனவள். கைக்கடிகாரம் ஆறு இருபது காட்டியது.

ஒரு நிமிடம்தான் நின்றாள். ஒரே ஒரு நிமிடம்.

நூற்றுப் பன்னிரண்டு படி. நெஞ்சு வெடிக்க ஏறினாள். அரங்கத்து வாசலில் ரான்ஹி விருந்தினர்களை வரவேற்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். நாக்யோங்குக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரான்ஹி அக்கா! அந்தக் குளியல்கூடத்துல..."

ரான்ஹி எழுந்து, அந்நியர்களுக்குச் செய்வது போல் லேசாகக் குனிந்தாள். "படம் முடியப் போகுதுங்க. பின்பக்கமா மெதுவா போய் உக்காருங்க."

"அக்கா, வெளையாடாதீங்க. நான்தான்."

"எந்த டிபார்ட்மெண்ட்டுங்க நீங்க?" அவள் வெறுங்காலைப் பார்த்ததும் ரான்ஹியின் குரல் இரக்கமாகிவிட்டது. "யாரையாவது தேடுறீங்களா?"

எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கியூரி, ரான்ஹி, இன்ஹோ, எல்லோரும். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால்... அந்த நினைப்பை முடிக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போனாள்.

நாலாவது வரிசை, நடைபாதை ஓரம். நீலக் கோட்டு. மடியில் செவ்வந்திப் பூங்கொத்து, செலோபேன் தாள் திரையின் வெளிச்சத்தில் மினுங்கியது. பக்கத்து இருக்கையில் ஒருத்தி, கழுத்தில் ஹெட்போனோடு, திரையைப் பார்த்தபடி. தலைமுடி முகத்தை மறைத்திருந்தது.

நாக்யோங் நடைபாதையில் மண்டியிட்டாள். "அப்பா."

அப்பா திரும்பினார். இருபது வருடம் பார்த்த முகம். டயர் ரப்பர் கறை போகாத நகங்கள். "மறைக்குதுங்களா? மன்னிச்சுக்குங்க," என்று கிசுகிசுத்துப் பூங்கொத்தைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் எடம் இருக்குங்க. நீங்க அங்க உக்காந்தீங்கன்னா நல்லாத் தெரியும்."

நீங்க என்றார். அவளைப் பெற்றவர்.

"அப்பா, நான் நாக்யோங்ப்பா. என்னைப் பாருங்க."

"எம் மக எடுத்த படங்க இது," என்றார் அவர், காதிலேயே விழாதவர் போல. பெருமை தாங்காமல் குரல் நடுங்கியது. "பேரு வரப்போகுது. கொஞ்சம் பொறுங்க."

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் ஏறின. இயக்கம், தக் இன்ஹோ. ஒளிப்பதிவு, சோ ரான்ஹி. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல்.

ஒலி, பொங் மிரியோங்.

பொங். அவர்கள் வீட்டுக் குடும்பப் பெயர். அந்தோங் கடைப் பலகையில் இருக்கும் பெயர்.

"பாத்தீங்களா?" அப்பா முஷ்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. "எம் மக பேரு. இத்தனை நாளா அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேங்க நான், மடையன். பாத்தீங்களா?"

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

விளக்கு எரிந்தது. குழுவினர் மேடைக்கு வரலாம் என்று இன்ஹோ ஒலிபெருக்கியில் கூப்பிட்டான். பக்கத்து இருக்கைக்காரி எழுந்தாள். நாக்யோங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டவில்லை, விலகவும் இல்லை, நேராக அவள் ஊடாகவே நடந்தாள். மண்டியிட்டிருந்தவளின் உடம்பு முழுக்க ஒரு குளிர் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். முதுகு மட்டும் தெரிந்தது. பின்னாலேயே அப்பா, பூங்கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

"அப்பா!"

யாரும் திரும்பவில்லை. இரண்டடி தள்ளிக் கியூரி நின்றாள். அவளும் திரும்பவில்லை.

இடுப்பில் ரிக்கார்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குளியல்கூடத்தில் அவள் நிறுத்தவே இல்லை. அதன் சின்னத் திரையில், பெட்டியிலேயே பதித்திருக்கும் மைக் பிடிக்கும் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் கைதட்டலுக்குத் துள்ளிக் குதித்தன. நாற்காலி நகர்ந்ததற்குக் குதித்தன. யாரோ தும்மியதற்குக் குதித்தன.

பிறகு அரங்கம் அமைதியானது, அப்பா பூங்கொத்தை நீட்டியபோது.

நாக்யோங் தொண்டை கிழியக் கத்தினாள்.

கோடுகள் படுத்தே கிடந்தன.

மறுபடி கத்தினாள். ரிக்கார்டரின் மைக்கை வாயோடு அழுத்தி வைத்துக் கத்தினாள். ஒரு புள்ளிகூட எழவில்லை.

மேடையில் எட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எட்டாவதாக நின்றவள் இரண்டு கையாலும் பூவை வாங்கிக்கொண்டு, நன்றாக வளர்ந்த பெண்ணாக, அப்பாவுக்கு முன்னால் குனிந்தாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கோட்டின் கைப்பகுதி கறுத்து, முழங்கை வரை நனைந்து, மேடைப் பலகையில் ஓடியது. அப்பா அதைத் துடைக்கவே இல்லை. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.